அடைபட்ட நாட்களில் எழுந்த கோபம்

(பாடியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



சனிக்கிழமை காலையில் பாடி மேம்பாலத்து நெரிசலைத் தாண்டி, குறித்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சுக்குப் பொருளைக் கொடுத்தவர் உங்களில் ஒருவர். மாதந்தோறும் தவறாமல் காணிக்கை அனுப்புகிற பெரியவர் அவர். இம்முறை காணிக்கையோடு ஒரு கடிதமும் வந்தது. கொரோனா நாட்களைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததாம். பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்டார்களாம். அவருக்கும் ஒரு கேள்வி மனதில் தங்கிவிட்டது. "ஜனங்களுடைய நன்மைக்காகத்தானே ஊரடங்கு போட்டார்கள்? வீட்டில் இருங்கள் என்று சொன்னதற்கு ஏன் அவ்வளவு கோபம்? நம்முடைய ஜனங்களுக்கு ஒழுங்கு என்பதே கிடையாதா?" என்று எழுதியிருந்தார்.

நேர்மையான கேள்வி இது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இரண்டு ஆண்டுகளைக் கழித்த நாங்கள் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஏனென்றால் ஊரடங்கு வேண்டும் என்று கேட்டவர்களில் மருத்துவமனைகளும் உண்டு. அந்த ஊரடங்கின் விலையைக் கண்ணெதிரே கண்டவர்களும் நாங்களே.

முதலில், ஊரடங்கு வீணானது என்று சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. 2021 மே மாதத்தை மறந்தவர்கள் யாரும் இந்த அறையில் இருக்க மாட்டார்கள். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். படுக்கையும் ஆக்சிஜனும் இல்லாத நேரத்தில், இன்னும் நூறு பேர் ஒரே வாரத்தில் வந்து சேராமல் தடுக்கிற எதுவும் எங்களுக்கு உதவியாகவே இருந்தது. தொற்று ஓடுகிற வேகத்தைக் குறைத்து, வைத்தியம் செய்ய அவகாசம் தேடுவதுதான் அடைப்பின் நோக்கம். அது நியாயமான நோக்கம்.

ஆனால் அந்த அவகாசத்தை யாருடைய பணத்தில் வாங்கினோம்? அந்தப் பெரியவருடைய கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நம்முடைய பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்லுகிறோம். திருவலிதாயம் கோயிலால் பெயர் பெற்ற பழைய ஊர் இது. இன்றைக்கோ ஜனங்கள் இதை லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகளைக் கொண்டுதான் அறிவார்கள். பஸ் நிறுத்தத்துக்கே தொழிற்சாலைப் பெயர்தான். சி.டி.எச். ரோட்டில் சற்றுத் தள்ளிப் போனால் 1964-இல் உண்டான அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள், முலாம் பூசுகிற கூடங்கள், அச்சு வார்க்கிற இடங்கள், துணி தைத்து ஏற்றுமதி செய்கிற கூடங்கள். ஒரு பட்டறையில் ஐந்து பேர், இன்னொன்றில் பதினைந்து பேர். முதலாளியும் அழுக்குச் சட்டையோடு மிஷின் பக்கத்தில் நிற்பார்.

2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் 21 நாட்கள் அடைப்பு. நான்கு மணி நேர அவகாசம். மாதக் கடைசி வேறு. அந்த மாதச் சம்பளம் அநேகருக்கு இன்னும் கைக்கு வரவில்லை. ஏப்ரல் மாதத்தில் மாருதி நிறுவனம் உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. கார் விற்காவிட்டால் பிரேக்கும் சக்கரமும் எதற்கு? அவற்றுக்கு ஆணி கடைகிற பட்டறை எதற்கு? 21 நாள் என்றது ஏப்ரல் முழுவதும் ஆயிற்று, பிறகு மே ஆயிற்று. சென்னைக்குள் இருந்த தொழிற்பேட்டைகளை மே 25-இல்தான் திறக்க விட்டார்கள், அதுவும் 25 சதவீத ஆட்களோடு. நான்கு பேர் வேலை செய்கிற பட்டறையில் 25 சதவீதம் என்றால் ஒரு ஆள்! ஜூன் 19-இல் மறுபடியும் சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் முழு அடைப்பு வந்தது.

அந்த ஜூன் மாதத்தில்தான் ஒரு காலையில் எங்கள் வெளிநோயாளர் பகுதியில் சத்தம் கேட்டது. தன் தாயாருக்கு இன்சுலின் வாங்க வந்த ஒரு லேத் தொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும், வரிசையில் வட்டத்துக்குள் நிற்கச் சொன்ன காவலாளியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "வட்டம் போட்டா போதுமா? வட்டத்துக்குள்ள சோறு போடுவீங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் விலகிப் போனார்கள். நாங்கள் அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய், "தம்பி, உட்காருங்க. அம்மாவுக்கு மருந்து வரும். நீங்க சொல்லுங்க" என்றோம்.

அவர் சொன்ன கணக்கை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஏப்ரலில் முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்தார். மே மாதம் ஒன்றுமில்லை. "அவரையும் குத்தம் சொல்ல முடியாது ஃபாதர், அவர் வாங்கின மிஷினுக்கே தவணை நிக்குது." ரேஷனில் அரிசி கிடைத்தது, ஆயிரம் ரூபாயும் கிடைத்தது. மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒற்றை அறை வீட்டுக்கு வாடகை அதைப் போலப் பல மடங்கு. தாயாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பால், கேஸ் சிலிண்டர், மகளிர் குழுவில் மனைவி எடுத்த கடன். பிறகு அவர் சொன்னார்: "கொரோனா வந்தா பிழைச்சாலும் பிழைப்பேன். வட்டிக்கு வாங்கினா பிழைக்கவே மாட்டேன்." அன்றைக்குக் காலையில்தான் அவர் வட்டிக்கு வாங்கியிருந்தார்.

அவர் முகக்கவசம் அணிந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இடைவெளி விட்டுத்தான் எங்களோடு பேசினார். நோயைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை, பயமும் இருந்தது. எரிச்சல் எல்லாம் அந்த வட்டத்தின் மேல் இல்லை, வட்டத்தோடு வந்த பில்லின் மேல்தான்.

தனியாக ஒரு மனிதருடைய கதை என்று எண்ண வேண்டாம். 2020 ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் வேலையின்மை 49.8 சதவீதம் என்று சி.எம்.ஐ.இ. என்ற பொருளாதாரக் கண்காணிப்பு நிறுவனம் கணக்கிட்டது. வேலை தேடுகிற இரண்டு பேரில் ஒருவர்! ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் தேசத்தின் உற்பத்தி முந்தின ஆண்டைவிட 23.9 சதவீதம் வீழ்ந்ததாக அரசாங்கமே முதலில் அறிவித்தது.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. ஜூன் அடைப்பில் சென்னைப் பகுதிக்கு மறுபடியும் 1,000. 2021-இல் புதிய அரசாங்கம் இரண்டு தவணைகளில் 4,000 கொடுத்தது, மளிகைப் பொருள்களும் கொடுத்தது. பொது விநியோகம் இவ்வளவு பலமாக இருக்கிற மாநிலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதற்காக நன்றி செலுத்த வேண்டும். பட்டினியால் ஜனங்கள் வீதியில் விழாமல் இருந்ததற்கு ரேஷன் கடைதான் பெரிய காரணம். ஆனால் ரேஷன் கடையில் வாடகை கொடுப்பதில்லையே! வெளிமாநிலத் தொழிலாளிகளிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசு 2020 மார்ச் 29-இல் உத்தரவிட்டது. வீட்டுக்காரருக்கு அந்த வாடகையை யார் கொடுப்பது என்று உத்தரவில் இல்லை. பாடியில் அநேக வீட்டுக்காரர்கள் விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும். அந்த வாடகைதான் அவர்களுக்கு அரிசி.

தவணைக்கு விலக்கு என்றார்களே, அதையும் சொல்லிவிடுகிறோம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்டு 31 வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப் போடலாம் என்றது. தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. வட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. அதுவும் வங்கிக் கடனுக்கு. வீட்டு வாசலில் சைக்கிளில் வந்து வசூலிக்கிற கடனுக்கு எந்த ரிசர்வ் வங்கி? சிறுதொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு அடமானமில்லாக் கடன் அறிவித்தார்கள். ஏற்கெனவே வங்கியில் கடன் உள்ளவர்களுக்கு அதன்மேல் 20 சதவீதம் என்பதே அந்தத் திட்டம். வங்கிப் படியே ஏறாமல் நகையை வைத்துப் பட்டறை நடத்துகிறவருக்கு அதில் இடமில்லை. இருந்தவருக்கும் கிடைத்தது இன்னொரு கடன்தான்.

பிரிட்டனில் வேலை நின்ற தொழிலாளிக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசாங்கமே கொடுத்தது. நம்மைப் போன்ற தேசத்துக்கு அது ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாமல் இருக்கலாம். ஆகாது என்றால், அதே அளவு அடைப்பை அதே கண்டிப்போடு நடத்தவும் நமக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது.

கடிதம் எழுதிய பெரியவர் ஒழுங்கைப் பற்றிக் கேட்டாரே. கூட்டம் கூடியதைப் பற்றித்தான் அவருக்கு அதிக வருத்தம். 2020 ஏப்ரல் 25-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். மறுநாள் ஞாயிறு முதல் புதன் இரவு வரை சென்னையில் நான்கு நாள் முழு அடைப்பு, மளிகைக் கடையும் கிடையாது என்று வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாள். அந்தச் சனிக்கிழமை நகரம் முழுவதும் கடை வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும், அதில் வைக்கப் பத்து நாள் காய்கறியும், வாங்கப் பணமும் உள்ளவர்கள் போகாமல் இருந்திருக்கலாம். அன்றன்று வாங்கிச் சமைக்கிறவர்கள் எங்கே போவார்கள்? கூட்டத்தைக் கூட்டியது அந்த அறிவிப்புதான். சில நாட்களில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்றுக்களமாயிற்று. மே 5-இல் அதை மூடினார்கள். பூந்தமல்லிக்கு அருகே திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். கூலிக்கு மூட்டை தூக்கினவர்களும், நான்கு கூடை வாங்கித் தெருவில் விற்றவர்களும் பஸ் இல்லாத நாட்களில் அங்கே எப்படிப் போவார்கள்? மழை பெய்தால் சேறு, சேற்றில் காய்கறி. செப்டம்பர் கடைசி வரைக்கும் காய்கறி வியாபாரம் அங்கேதான். இத்தனைக்கும் பிறகு 2021 மே மாதத்தில், தளர்வில்லா அடைப்புக்கு முன்னால், அதே போல இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டார்கள். அதே கூட்டம்!

புறநகர் ரயிலும் அப்படித்தான். கொரட்டூரிலும் பட்டரவாக்கத்திலும் காலையில் இறங்கி வேலைக்கு நடந்தவர்கள் திருவள்ளூர், திருத்தணி, அரக்கோணம் பக்கத்து ஜனங்கள். மார்ச் 2020-இல் நின்ற ரயில், பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்தது டிசம்பர் 23-இல். அதுவும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். பட்டறை திறப்பதோ காலை எட்டு மணிக்கு.

இன்னும் ஒன்று உண்டு. 2020-இல் தொற்று வந்த வீட்டு வாசலுக்குத் தகரம் அடித்தார்கள். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வராதபடிக்கு. அதன் பலனை நாங்கள் அறிவோம். காய்ச்சல் வந்தவர்கள் பாரசிட்டமாலை விழுங்கிவிட்டு வாய் திறக்கவில்லை. பரிசோதனைக்குப் போனால் தகரம், தகரம் வந்தால் தெரு முழுவதும் பேச்சு, வேலையும் போகும். மூச்சு முட்டுகிறபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் சிலரை நாங்கள் திருப்பி அனுப்பவே முடியவில்லை. சிற்றாலயத்தின் ஜெபப் புத்தகத்தில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன.

எங்கள் செவிலியர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த லேத் தொழிலாளியோடு நாங்கள் மரத்தடியில் பேசியதை ஒரு சிஸ்டர் பார்த்திருந்தார். ஆறு மணி நேரம் கவச உடைக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்துவிட்டு வந்தவர். "ஐயா, வெளியே சத்தம் போடுறவங்களுக்கு மரத்தடியும் டீயும். உள்ளே சாகிறவங்களுக்கு நாங்க மட்டும்தானா?" என்று கேட்டார். குடியிருந்த வீட்டை அந்த வாரம்தான் அவரைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார் என்பதற்காக.

அவருக்கும் கோபப்பட உரிமை இருந்தது. 2020 ஏப்ரல் 19-இல் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றினால் மரித்தார். அவரை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டு போனபோது ஒரு கும்பல் கல்லும் கட்டையுமாக அடித்து விரட்டியது. இரவில் அவருடைய சக மருத்துவர் திரும்பிப் போய், போலீஸ் காவலோடு, தம் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். வேலங்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அதற்குச் சில நாட்களுக்கு முன் நம்முடைய அம்பத்தூர் மயானத்திலேயே நெல்லூர் மருத்துவர் ஒருவருடைய சடலத்தைத் தகனம் செய்ய விடாமல் தடுத்தார்கள்.

ஆகவே அந்த நாட்களின் எல்லாக் கோபத்தையும் ஒரே தராசில் நிறுக்க நாங்கள் ஒப்பவில்லை. மயானத்தில் கல் எறிந்தது பயத்தினால் வந்த கொடுமை. அதற்குச் சமாதானம் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. வேலையிழந்தவன் வரிசையில் நின்று கத்தியது வேறு. அவன் கேட்டது ஒரு கணக்கு, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தச் சிஸ்டருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் உண்மையில் ஒரு சண்டையும் கிடையாது. இரண்டு பேரும் மற்றவர்களுடைய பாதுகாப்புக்காகத் தங்கள் பங்குக்கு மேல் கொடுத்தவர்கள். பிற்பாடு அந்தத் தாயாருக்கு மாதந்தோறும் இன்சுலின் எடுத்து வைத்தவர் அந்தச் சிஸ்டர்தான். அதை அவரிடம் நாங்கள் சொல்லிச் செய்விக்கவில்லை.

கோபம் மிஞ்சிப் போனதற்கு இன்னொரு காரணம், விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாதது. கல்யாணத்துக்கு 50 பேர், அடக்கத்துக்கு 20 பேர். உங்களில் எத்தனை பேர் சொந்தச் சகோதரனுடைய அடக்க ஆராதனையைக் கைப்பேசியில் பார்த்தீர்கள்! 2020-இல் ஈஸ்டர் பண்டிகையன்று நம்முடைய ஆலயங்கள் பூட்டியிருந்தன. செப்டம்பர் வரைக்கும் நகரத்தில் ஆராதனை இல்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். ஆனால் 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் எல்லாக் கட்சிகளும் கூட்டிய கூட்டத்துக்கு யார் வட்டம் போட்டார்கள்? இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26-இல் கடிந்துகொண்டபோது, டீக்கடையை மூடியிருந்தவர்கள் தங்கள் மனதில் உள்ளதை நீதிபதிகள் சொன்னதாகவே எண்ணினார்கள்.

சாத்தான்குளத்தை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும், கைப்பேசிக் கடை வைத்திருந்தவர்கள், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2020 ஜூன் 19-இல் போலீசாரால் கொண்டு போகப்பட்டார்கள். ஜூன் 22-இலும் 23-இலும் ஒருவர் பின் ஒருவராக மரித்துப் போனார்கள். தமிழ்நாடு முழுவதும் வியாபாரிகள் கடையடைத்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. சுகாதாரத்துக்காகப் போட்ட விதி லத்தியின் கையில் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டிவிட்டது.

இது புதிதும் அல்ல. 2020-இல் அரசாங்கங்கள் கையில் எடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் வெள்ளைக்காரர் போட்டது. பம்பாயிலும் பூனாவிலும் பிளேக் பரவினபோது உண்டான சட்டம். பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாய் நுழைந்து சோதனை போட்டார்கள், ஜனங்களை இழுத்துக்கொண்டு போய் முகாமில் அடைத்தார்கள். கோபம் முற்றி, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரியான ராண்டு சுடப்பட்டார். சென்னை மாகாணத்தில் பிளேக் ஊர்களிலிருந்து வருகிற பிரயாணிகளுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, குறித்த நாட்கள் வரை அதிகாரியிடம் வந்து உடம்பைக் காட்ட வைத்தார்கள். நம்முடைய இ-பாஸுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் காலத்திலேயே சீனாவில், 2022 நவம்பரில், அடைப்பில் இருந்த உரும்சி நகரத்தில் ஒரு கட்டடம் தீப்பிடித்துப் பத்துப் பேர் மாண்டபோது, வாய் திறக்காத ஜனங்களே வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். சில நாட்களில் அங்கே விதிகள் தளர்ந்தன.

வேதத்தில் சமாரியாவின் ஒலிமுகவாசலில் உட்கார்ந்திருந்த நான்கு குஷ்டரோகிகளை நீங்கள் அறிவீர்கள். வியாதியின் நிமித்தம் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். ஊருக்குள்ளேயோ பஞ்சம். இங்கே இருந்தாலும் சாவு, அங்கே போனாலும் சாவு என்று கணக்குப் பார்த்துத்தான் அவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த நான்கு பேரை ஒழுங்கற்றவர்கள் என்று எந்தப் போதகரும் பிரசங்கித்து நாங்கள் கேட்டதில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வருகிறோம். அடைப்பு நாட்களில் எங்களுடைய மற்ற வார்டுகள் வெறிச்சோடின. ஜனங்களுக்குச் சுகம் வந்துவிட்டதா? வண்டி இல்லை, பணம் இல்லை, பயம் வேறு. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்கள் இரண்டு முறையாகக் குறைத்தார்கள். கர்ப்பிணித் தாய்மார்கள் வலி கண்ட பிறகே வந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்கள் பக்கவாதத்தோடு வந்தார்கள். காசநோயைப் பாருங்கள்: 2019-இல் இந்தியாவில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறிந்து பதிவு செய்யப்பட்டார்கள். 2020-இல் சுமார் 18 லட்சம். அந்த ஆறு லட்சம் பேர் எங்கே போனார்கள்? காசநோய் ஊரடங்குக்கு அடங்குகிற வியாதி அல்ல. கண்டுபிடிக்கப்படாமல் ஒரே அறையில் குடும்பத்தோடு அடைந்திருந்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது. இல்லாத வீட்டுப் பையன் எஸ்டேட்டில் எடுபிடி வேலைக்குப் போனான். அவர்களில் சிலர் இன்று எங்கள் அவசரப் பிரிவுக்கு நசுங்கின விரலோடு வருகிறார்கள்.

நாங்கள் இதையெல்லாம் சொல்வது அன்றைக்கு முடிவெடுத்த அதிகாரிகளைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அறியாத வியாதி, குறுகிய நேரம். எங்கள் எண்ணம் ஒன்றுதான்: மறுபடியும் ஒரு நாள் கதவை அடைக்கச் சொல்ல நேர்ந்தால், கதவை அடைக்கிற அதே உத்தரவில் வாடகைக்கும் தவணைக்கும் வழி இருக்க வேண்டும். அடைப்புக்கு முன் மூன்று நாளாவது அவகாசம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிக்கு வண்டி வேண்டும். இவை இல்லாமல் வெறும் அடைப்பை மருத்துவமனைகள் கேட்கக் கூடாது என்பது எங்கள் நிர்வாகக் குழுவில் நாங்கள் சொல்லிவருகிற கருத்து. எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். டாக்டர்களில் சிலர், அப்படி நிபந்தனை போட்டால் நோய் காத்திருக்காது என்கிறார்கள். அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நடக்கட்டும்.

அந்த நாட்களில் நீங்கள் அனுப்பிய அரிசியும் மளிகையும் எத்தனையோ வீடுகளில் உலை ஏற்றியது. அதை நாங்கள் மறக்கவில்லை. அரிசி மூட்டையைப் படம் எடுத்து இந்தப் பத்திரிகையில் போட்டோம். வட்டியைப் படம் எடுக்க முடியாது. ஆனால் அரிசி தீர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆனபிறகும் வட்டி சில வீடுகளில் இருக்கிறது. அடைப்பில் வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று.

இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், கர்ப்பிணித் தாய்மார்களில் சிலர் குறித்த நாளில் பரிசோதனைக்கு வருவதே இல்லை. அசட்டை என்றுதான் வார்டில் எண்ணியிருந்தார்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, அந்தக் கிழமையில்தான் குழுக் கடன் வசூல், காலை பத்து மணிக்கு எல்லோரும் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அவள் பங்கைக் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. இப்போது பதிவுச் சீட்டில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: "தவணை எந்தக் கிழமை?" அந்தக் கிழமையை விட்டு வேறு நாளில் வரச் சொல்லுகிறோம். மருந்தை நிறுத்திவிட்டுத் தவணை கட்டுகிறவர்களுக்கு, ஏழை நோயாளர் நிதியிலிருந்து மூன்று மாத மருந்தை முன்கூட்டியே கொடுக்கிறோம். கடனை நாங்கள் அடைப்பதில்லை, அதற்கு எங்களுக்குத் திராணி இல்லை. மருந்துப் பணம் கடனுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கடிதம் எழுதிய பெரியவர் இன்றைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். கூட்டம் முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து பேச ஆசையாயிருக்கிறோம். அந்த நிதிக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ரசீதுப் புத்தகம் வெளிநோயாளர் பகுதிக்குப் போகிற வழியில், பொருளாளர் மேஜையில் தனியாக இருக்கிறது. மதிய உணவு பன்னிரண்டரை மணிக்கு.